மணியின் உயரம்

மூன்று வருடங்களுக்கு முன், ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எங்கள் வட்டார வள மையத்தில் அரைநாள் பயிற்சி நடந்தது. தொடக்கநிலைக் குழந்தைகளின் மனநலம் பற்றியது. பயிற்சிக்குப் போகும்போது எங்களுக்கென்று ஒரு முகம் உண்டு. கையெழுத்துப் போட்டு, டீயும் வடையும் சாப்பிட்டு, கொடுக்கிற தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கிற முகம். அன்று கொடுத்த தாள்களில் ஒன்று மட்டும் இன்றுவரை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

'தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகள்: இடர்க் காரணிகள்' என்று தலைப்பு. கீழே பன்னிரண்டு வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். தாய் தகப்பனில் ஒருவர் இறந்தவர் அல்லது பிரிந்தவர். வீட்டில் குடி. வீட்டில் அடிதடி. குழந்தை அடிபட்டது அல்லது பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது. குடும்பத்தில் மனநோயோ தற்கொலையோ. நாள்பட்ட நோய் அல்லது உடற்குறை. மற்ற பிள்ளைகளின் கேலி. படிப்பில் பின்தங்கல். ஓரிடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு. தூக்கம் கெடுதல். யாரோடும் சேராமை. கடைசியாக, முன்பே ஒருமுறை தன்னைக் காயப்படுத்திக்கொண்டது.

திங்கட்கிழமை அதை வகுப்புக்கு எடுத்துப் போனேன். நான்காம் வகுப்பு, முப்பத்து நான்கு பிள்ளைகள். அவர்கள் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் டிக் போட்டேன். இருபத்து நான்கு வருடமாக இதே ஊரில் வாத்தியார். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரியும். போட்டு முடித்தபோது இருபத்தொரு பிள்ளைகளுக்கு இரண்டோ அதற்கு மேலோ டிக். ஒரு பையனுக்கு மட்டும் ஐந்து. ஒன்றுகூட இல்லாதவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒரு சிறுமி இருந்தாள். முதல் பெஞ்சு, முதல் ரேங்க், அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. அவள் பெயருக்கு நேரே பன்னிரண்டு கட்டங்களும் காலியாக இருந்ததைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. ஆறு பேரைப் பற்றியாவது கவலைப்பட வேண்டாம்.

*

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம். சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், அந்தப் பிள்ள கையப் பாத்தியளா?" என்றார்.

முழங்கைக்கு மேலே, சீருடையின் கை மறைக்கிற இடத்தில், பல் பதிந்த தடங்கள். சில புதியவை, சில ஆறிப்போனவை.

அடுத்து நான் செய்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை. நேரே அந்த ஐந்து டிக் பையனிடம் போனேன். "ஏல, அவள ஏன்ல கடிச்ச?" அவன் சோற்றுத் தட்டோடு எழுந்து நின்று, "நான் இல்ல சார், சத்தியமா நான் இல்ல" என்று அழுதான். நான் அவனை நம்பவில்லை. அவன்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தாள் சொன்னது. அந்தத் தாள், எந்தப் பிள்ளையை அதிகம் கவனிக்க வேண்டும் என்று சொல்வதற்காக எழுதப்பட்டது. என் கையில் அது யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்வதாக மாறிவிட்டிருந்தது.

பிறகு அந்தச் சிறுமியைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துப் போய், "யாரு கடிச்சா? பயப்படாமச் சொல்லு" என்று கேட்டேன். நான் நின்றுகொண்டிருந்தேன். தலைமையாசிரியர் நாற்காலியில். அவள் நடுவில். எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் அந்த அக்கா தரையில் உட்கார்ந்து மறுநாளைக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா "யாரு", "ஏன்" எதுவும் கேட்கவில்லை. "வலிச்சுதாட்டி?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"கணக்குத் தப்பாப் போட்டா கடிச்சுக்குவேன் ஆயாம்மா. அப்ப அழுகை வராது."

கொஞ்ச நேரம் கழித்து: "சார்ட்ட சொல்லிராதீங்க. நான் தப்புப் போட்டா சாருக்குப் பிடிக்காது."

நான் அந்தப் பிள்ளையை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. அவள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். எப்போதாவது அவள் ஒரு கணக்கில் தவறினால், கண்ணை விரித்து, கன்னத்தில் கை வைத்து, "நீயுமா?" என்பேன். வகுப்பே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அது எங்கள் வகுப்பின் வேடிக்கைகளில் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

*

"சின்னப் பிள்ளைக்கு என்ன சார் தெரியும். விளையாட்டுக்குப் பண்ணிருக்கும், விடுங்க" என்றார் தலைமையாசிரியர். நல்ல மனிதர். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

சட்டத்துக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்றது. 83ஆம் பிரிவு, ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை, தன் செயலின் தன்மையையும் விளைவையும் எடைபோடும் முதிர்ச்சி இல்லாத குழந்தைக்கும் அதே விலக்கைக் கொடுத்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த இரண்டும் அப்படியே தொடர்கின்றன. குழந்தையைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற இது நல்ல ஏற்பாடு. ஆனால் 'குழந்தைக்கு நோக்கம் கிடையாது' என்பதிலிருந்து 'குழந்தைக்கு அந்த அளவு வேதனை கிடையாது' என்ற இடத்துக்கு நாம் சத்தமில்லாமல் தாவிவிடுகிறோம். அப்படித் தாவச் சட்டம் சொல்லவில்லை. அது நம்முடைய வசதி.

1948இல் மரியா நாஜ் என்ற உளவியலாளர் புடாபெஸ்ட் நகரத்துக் குழந்தைகளிடம் மரணத்தைப் பற்றிக் கேட்டு எழுதிய ஆய்வு இந்தத் துறையில் முன்னோடி. ஐந்து வயதுக்குக் கீழே மரணம் என்பது ஊருக்குப் போவது, தூங்குவது போல, திரும்பி வரலாம். ஐந்திலிருந்து ஒன்பது வரை அது ஓர் ஆள்; ஓடித் தப்பிக்கலாம். ஒன்பதுக்குப் பிறகுதான் எல்லோருக்கும் வருவது, மீளாதது என்ற புரிதல். பின்னால் வந்த ஆய்வுகள் இந்த வயதுக் கணக்கை அவ்வளவு கறாராக ஏற்கவில்லை. ஐந்து ஆறு வயதிலேயே பல குழந்தைகளுக்கு இது புரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோன் லூபி என்ற குழந்தை மனநல மருத்துவரின் குழு, பள்ளிக்கு வருமுன்னே மனச்சோர்வுக்கு ஆளாகும் குழந்தைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறது. நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளிடம் அவர்கள் கண்டது நம் நினைப்புக்கு நேர் எதிர். சாக வேண்டும் என்று பேசிய குழந்தைகளுக்கு மரணத்தைப் பற்றிய புரிதல் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தது. தெரியாமல் பேசுகிறது என்று நாம் தள்ளிவிடுகிற பிள்ளைதான் தெரிந்து பேசுகிறது.

இதில் நம் வீட்டுப் பேச்சுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு நாளில் எத்தனை முறை சாவு என்ற சொல் புழங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். "செத்துத் தொல." "எங்கயாவது போய் ஒழி." "நான் போய்ச் சேந்தாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும்." கடைசியாகச் சொன்னது அம்மாக்களின் வசனம். யாரும் அர்த்தம் வைத்துச் சொல்வதில்லை. சில்லறைக் காசு மாதிரி கை மாறுகிறது. ஆனால் குழந்தை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. வீட்டில் எல்லோரையும் ஒரு நிமிஷம் வாயடைக்க வைக்கிற சொல் இது. எவ்வளவு வேண்டினாலும் கிடைக்காத கவனம் இந்தச் சொல்லுக்குக் கிடைக்கிறது. மரணம் என்றால் என்ன என்று புரியும் முன்பே, மரணம் எதற்குப் பயன்படும் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு ஒருநாள் அது அந்தக் காசை எடுத்து நீட்டும்போது, "சும்மா மிரட்டுது" என்கிறோம். மிரட்டுவதற்குக்கூட இதைவிடச் சின்ன நாணயம் அதன் கையில் இல்லையே என்று நாம் யோசிப்பதில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படிக்கும் இளம் பெற்றோர் பயந்துவிடுவார்கள். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை கோபத்தில் தரையில் தலையை முட்டிக்கொள்வது பரவலாக நடப்பது. பெரும்பாலும் வளர வளரத் தானே நின்றுவிடும். ஆட்டிசமோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ உள்ள பிள்ளைகள் தங்களைக் கடித்துக்கொள்வதும் அடித்துக்கொள்வதும் பல சமயம் சொல்ல முடியாத ஒரு வலியின், தாங்க முடியாத ஓர் இரைச்சலின் பேச்சு. அதற்குரிய சிகிச்சை வேறு. நான் பேசுவது, பேசத் தெரிந்த ஒரு குழந்தை பேசாமல், மறைவாக, தன் உடம்பின்மேல் தானே தீர்ப்பு எழுதிக்கொள்வதைப் பற்றி. எங்கள் சிறுமி சாக விரும்பவில்லை. அழாமல் இருக்க விரும்பினாள். பல குழந்தைகளுக்கு இது இப்படித்தான் தொடங்குகிறது: உள்ளே இருக்கிற, பெயரில்லாத ஒன்றை, வெளியே இருக்கிற, அளவு தெரிந்த ஒரு வலியாக மாற்றிக்கொள்வது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் சாக நினைப்பதும் ஒன்றல்ல. ஆனால் முதலாவது இருக்கும் இடத்தில் இரண்டாவதன் ஆபத்து கூடுகிறது என்பதால்தான் பட்டியலின் கடைசி வரி அவ்வளவு கனமானது.

*

மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் ஒரு இளம் பெண். அவளோடு கொஞ்ச நேரம் படம் வரைந்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "சில பிள்ளைங்களுக்குக் கஷ்டமா இருக்கும்போது செத்துப்போனா நல்லாருக்கும்னு தோணும். உனக்கு அப்படித் தோணிருக்காம்மா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத எண்ணத்தை நாமே விதைப்பது மாதிரி இருக்கிறதே.

பிறகு அவரிடமே கேட்டேன். அப்படி இல்லை என்றார். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கப்பட்டவர்களுக்கும் கேட்கப்படாதவர்களுக்கும் இடையே, கேட்டதால் துயரமோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேள்வி கொஞ்சம் ஆறுதலாகவே இருந்திருக்கிறது. அது வளரிளம் பருவத்தினரிடம் செய்தது. ஆனால் கேட்காமல் விடுவதன் விலையைச் சின்னப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளே காட்டுகின்றன. அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரிடமும் அவர்கள் வீட்டாரிடமும் தனித்தனியாகக் கேட்ட ஆய்வு 2020இல் வந்தது. சாக நினைத்ததாகச் சொன்ன பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கும் மேல், வீட்டாருக்கு அது தெரியவே தெரியாது. ஒரே கூரை, ஒரே சாப்பாடு. அதே ஆய்வில் அந்த எண்ணத்தோடு சேர்ந்து நின்றவை இரண்டு: வீட்டுக்குள் ஓயாத சண்டை, பிள்ளை எங்கே யாரோடு இருக்கிறது என்று பெரியவர்கள் கவனிக்காமை.

ஆக, பட்டியல் பொய்யல்ல. சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைக் கேட்டு 1998இல் வெளியிட்ட ஆய்வு இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது. அடி, வசை, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்த்தது எனக் குழந்தைப் பருவத்துக் கொடுமைகள் எண்ணிக்கையில் கூடக் கூட, பிற்காலத்தில் தற்கொலை முயற்சி உட்படப் பல ஆபத்துகள் படிப்படியாக ஏறின. என் தாளில் இருந்த பன்னிரண்டு வரிகளும் இப்படி யாரோ எங்கோ பாடுபட்டுக் கண்டுபிடித்தவைதான்.

ஆனால் 'கூட்டத்தில் ஆபத்து கூடுகிறது' என்பதும் 'இந்தப் பிள்ளைக்கு நேரும்' என்பதும் வேறு வேறு. 2017இல் ஜோசப் ஃபிராங்க்ளினும் உடன் பணியாற்றியவர்களும் ஐம்பது வருட ஆராய்ச்சியை, 365 ஆய்வுகளை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். எந்த ஒரு காரணியை வைத்தும் இன்னார் தற்கொலைக்கு முயல்வார் என்று முன்கூட்டிச் சொல்வது, காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிடச் சற்றுத்தான் மேல் என்று வந்தது. என் வகுப்பின் இருபத்தொரு பிள்ளைகளும் இப்போது ஆறாம் வகுப்பு முடித்துவிட்டார்கள். அவர்களில் யாரும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதாக எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்து டிக் பையன் கபடி விளையாடுகிறான்.

ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். பேசியது பெரும்பாலும் ரத்த அழுத்தத்தையும் இதய நோயையும் பற்றி. அதில் ஒரு கணக்கு உண்டு: அதிக ஆபத்தில் இருக்கும் சிலரிடமிருந்து வருகிற நோயாளிகளைவிட, குறைந்த ஆபத்தில் இருக்கும் பலரிடமிருந்து வருகிற நோயாளிகளின் எண்ணிக்கை அதிகமாக இருக்கலாம். அதனால் 'ஏன் இவருக்கு வந்தது' என்ற கேள்வியோடு, 'ஏன் இந்த ஊரில் இவ்வளவு பேருக்கு வருகிறது' என்று தனியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். முதலாவது கேள்விக்கு வடிகட்டி வேண்டும். இரண்டாவதற்கு ஊரையே கொஞ்சம் மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் நாம் இதைச் செய்தும் இருக்கிறோம். பொதுத்தேர்வில் தோற்ற பிள்ளை ஒரு வருடம் வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை, சில வாரங்களிலேயே மறுபடி எழுதலாம் என்று துணைத்தேர்வு வந்தது. 1986இல் சென்னையில் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புகள் அதை வலியுறுத்தி வந்தன. 2017இல், மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கிற வழக்கத்தை அரசு நிறுத்தியது. இந்த இரண்டு ஏற்பாடுகளும் 'எந்தப் பிள்ளை ஆபத்தில் இருக்கிறது' என்று கேட்கவே இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் தோல்வியின் விலையைக் குறைத்தன. 2021இல் மட்டும் இந்தியாவில் 13,089 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அவ்வளவு பேரையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வடிகட்டி எங்கும் இல்லை.

*

இப்போது, ராத்திரியில் எனக்குத் தூக்கம் வராமல் அடித்த கேள்வி. தப்பு யாருடையது?

அம்மா சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லலையே சார். நல்லாத்தான படிக்கா." அவர் பீடி சுற்றுகிறவர். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதும் மடியில் பீடித்தட்டு இருந்தது. விரல் நிற்கவில்லை. சரியாகச் சுற்றாத பீடியைக் கடையில் கழித்துவிடுவார்கள். அந்தக் கழிவு கூலியில் பிடிபடும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த வீட்டில் தப்புக்கு ஒரு விலை இருக்கிறது, அதை ஒரு பிள்ளை பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அப்போது உறைத்தது. என் பட்டியலில் அதற்குக் கட்டம் கிடையாது. அதற்காக அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல முடியுமா? கழிப்பவனையா? என் 'நீயுமா?'வையா? அவளோடு பிறந்த இயல்பையா? இவற்றில் எதை எடுத்தாலும், அது இருந்தும் ஒன்றும் ஆகாத நூறு பிள்ளைகளைக் காட்டலாம்.

மருத்துவரும் தலைமையாசிரியரும் என் மனைவியும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "உங்க தப்பு இல்ல." அது உண்மை. ஆனால் அது உண்மையாக இருந்தும் எனக்குப் போதவில்லை.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976இல் எழுதிய கட்டுரையில் ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். தன் பிழை எதுவும் இல்லாமலே ஒரு குழந்தைமேல் வண்டியை ஏற்றிவிடுகிறார். எல்லோரும் அவரைத் தேற்றுவார்கள், தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் ரொம்பச் சுலபமாகத் தேறிவிட்டால் நமக்கே அவர்மேல் ஒரு சந்தேகம் வரும் என்கிறார் வில்லியம்ஸ். பக்கத்தில் நின்று பார்த்தவனின் வருத்தமும், வண்டியை ஓட்டியவனின் வருத்தமும் ஒன்றாக இருக்க முடியாது.

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழனின் மகன் தேரில் போகிறான். எங்கிருந்தோ துள்ளி வந்த கன்று சக்கரத்தில் விழுகிறது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. மந்திரிகள் பரிகாரம் சொல்கிறார்கள். அரசன் கேட்கவில்லை, மகனைத் தேர்க்காலில் இடத் துணிகிறான். சின்ன வயதில் இதைக் கேட்டபோது நீதி என்றால் இதுதான் என்று சிலிர்த்தது. இப்போது அந்தத் தண்டனையில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு குழந்தைக்கு நடந்த கேட்டுக்கு இன்னொரு ஆளைச் சக்கரத்தில் வைப்பதால் எந்தக் கன்றும் எழுந்து வராது. அம்மாவைச் சக்கரத்தில் வைக்கலாம், வாத்தியாரை வைக்கலாம், செய்தித்தாள்கள் தினமும் யாரையாவது வைக்கின்றன. யார்மீதாவது ஏற்றி முடித்ததும் தேர் முன்போலவே ஓடத் தொடங்கிவிடுகிறது.

'என் தப்பு' என்பதற்கும் 'என் தப்பு இல்லை' என்பதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. குற்றம் என்பது நடந்ததைப் பார்த்துப் பேசுவது. அதற்கு நிரூபணம் வேண்டும், காரணம் இதுதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். பொறுப்பு என்பது இனி நடக்கப்போவதைப் பார்த்துப் பேசுவது. அதற்கு நான் அந்த இடத்தில் இருக்கிறேன் என்பது மட்டும் போதும். இடர்க் காரணிப் பட்டியல் ஒருவரைக் குற்றவாளி ஆக்குகிற அளவுக்கு வலுவானதல்ல. யாரையும் விடுதலை செய்கிற அளவுக்குப் பலவீனமானதும் அல்ல. அதை எழுதும்போது நாம் குழந்தையைப் பற்றி எழுதுவதாக நினைக்கிறோம். மறுபடி வாசித்துப் பாருங்கள்: குடி, அடி, சண்டை, கேலி, துன்புறுத்தல். பல வரிகள் பெரியவர்களைப் பற்றியவை. குழந்தையின் பெயருக்கு நேரே டிக் போடுகிறோம், அவ்வளவுதான். டிக் போடுகிற கைக்கு மட்டும் கட்டம் இல்லை.

அதனால் என் தாளில் பதின்மூன்றாவதாக ஒரு வரியைப் பேனாவால் எழுதினேன்: 'நான் இவளிடம் என்ன எதிர்பார்க்கிறேன்? அது நடக்காவிட்டால் இவள் எங்கே போவாள்?' இந்தக் கேள்விக்கு டிக் போட முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதித்தான் பார்க்க வேண்டும். முப்பத்து நான்கு பேருக்கு எழுதி முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. சிலரிடம் நான் எதையுமே எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. அது இன்னொரு விதமான கொடுமை.

ஐந்து டிக் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு முன்னாலேயே. "சரி சார்" என்றான். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

*

மனுநீதிச் சோழன் கதையில் இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த மணி. அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி தொங்குகிறது. பசு தன் கொம்பால் அதை அடிக்கிறது. அரசன் வெளியே வருகிறான். நாம் எப்போதும் அரசன் வெளியே வந்ததையே புகழ்கிறோம். ஆனால் அதற்கு முன்னால், யாரோ ஒருவர் அந்த மணியைப் பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் கட்டியிருக்கிறார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி எனக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அந்தச் சிறுமிக்கு எட்டும் உயரத்தில் இருந்தது, தரையில் உட்கார்ந்து கல் பொறுக்கிய அந்த அக்கா. அவர் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை. அவரிடம் ரேங்க் இல்லை, மார்க் இல்லை, 'நீயுமா?' இல்லை. குழந்தை தவறினாலும் சோறு அதே அளவுதான். நம்பிச் சொல்ல ஒரே ஒரு பெரியவர் இருப்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று மனநல நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த ஒரு ஆள் யார் என்பதை நாம் நியமிக்க முடியாது, குழந்தைதான் தேர்ந்தெடுக்கிறது. அதன் தேர்வுக்கு உள்ளாகக்கூடிய உயரத்தில் நம்மை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

நான் 'நீயுமா?' என்பதை விட்டுவிட்டேன். கணக்கு வகுப்பில் வாரத்துக்கு ஒருமுறை நானே கரும்பலகையில் தப்பாகப் போட்டு, பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். மதியம் சத்துணவுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். முதல் இரண்டு மாதம் பிள்ளைகள் என்னைச் சுற்றி வட்டமாக இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாம் மாதம்தான் வட்டம் சுருங்கியது.

அந்தச் சிறுமி ஆறு மாதம் மருத்துவரிடம் போய் வந்தாள். கடிப்பது குறைந்தது, ஒரு தேர்வுச் சமயம் மறுபடி வந்தது, பிறகு நின்றது. இப்போது வேறு பள்ளியில் இருக்கிறாள். முழுக்கச் சரியாகிவிட்டாளா என்று என்னால் சொல்ல முடியாது. அவளுடைய கணக்கு நோட்டில் சிவப்புச் சுழி நிறைய இருக்கிறது என்று அவள் அம்மா குறைப்பட்டுக்கொண்டார். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். குழந்தைகள் உதவி எண் 1098 போட்ட சுவரொட்டி எங்கள் பள்ளியில் வருடக்கணக்காக இருக்கிறது. தலைமையாசிரியர் அறையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஆறடி உயரத்தில். மேலே இருந்து யாராவது பார்வையிட வந்தால் கண்ணில் படுகிற இடம். போன வருடம் அதைக் கழற்றி, குழாயடிக்குப் பக்கத்துச் சுவரில், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக ஒட்டினேன். கீழே, பெரியவர்களுக்காக, மனநல உதவிக்கான டெலிமனாஸ் எண் 14416ஐயும் மருத்துவ உதவிக்கான 104ஐயும் கையால் எழுதினேன்.

அந்த இடத்தில் தண்ணீர் தெறிக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாள் ஊறி உரிந்துவிடுகிறது. மறுபடி எழுதி, மறுபடி ஒட்ட வேண்டியிருக்கிறது.